ஃபரங்: பறங்கியா, பிரெஞ்சுக்காரரா, கொய்யாவா?

பெயர்ப்பாளி (இழையைத் தொடங்கியவர்)

தாய்லாந்துத் தொடர்களுக்குத் தமிழில் வசனவரி எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி. ‘ஃபரங்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஓரிடத்தில் ‘வெளிநாட்டவர்’ என்றும், இன்னோரிடத்தில் ‘வெள்ளையர்’ என்றும், சந்தைக் காட்சியில் ‘கொய்யா’ என்றும் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றும் ஒரே சொல்தானா? பிரான்ஸ் நாட்டுக்கு அங்கே ‘ஃபரங்செட்’ என்று பெயர், அதன் சுருக்கமே ஃபரங் என்று பல பயணக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். அது வசைச்சொல், எழுதவே கூடாது என்பவர்களும் உண்டு. நம் ‘பறங்கி’யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயலா? தமிழில் ‘பறங்கி’ என்றே போட்டுவிடலாமா?

சொல்வேர்

தற்செயல் இல்லை. பறங்கியும் ஃபரங்கும் ஒரே வேரில் பிறந்தவை. ‘ஃபரங்செட்டின் சுருக்கம்’ என்பதுதான் தவறு.

வேர், ஃபிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தின் பெயர். சிலுவைப்போர்க் காலத்தில் கிழக்கே வந்த மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் அரபு மொழி ‘இஃப்ரஞ்ச்’ என்றது. பாரசீகம் ‘ஃபரங்’ என்றது. ஐரோப்பிய நாடு ஃபரங், அங்கிருந்து வந்தவன் ஃபரங்கி. பிறகு இந்தியப் பெருங்கடல் வணிகர்களின் வாயில் இந்தச் சொல் துறைமுகம் துறைமுகமாக இறங்கியது. இந்தியில் ஃபிரங்கி, தமிழிலும் மலையாளத்திலும் பறங்கி, மலாயில் பெரிங்கி அல்லது ஃபெரிங்கி. பினாங்கிலுள்ள பத்து ஃபெரிங்கி கடற்கரையின் பெயரில் இருப்பது இதுதான். பர்மியத்தில் ‘பயிஞ்ஜீ’. 1613இல் பர்மாவின் சிரியம் துறைமுகம் வீழ்ந்தபோது சிறைப்பட்டு உள்நாட்டில் குடியேற்றப்பட்ட போர்த்துகீசியரின் வழித்தோன்றல்களுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். சீனத்தில் ‘ஃபோலாங்ஜி’. அங்கே அது போர்த்துகீசியரையும் குறித்தது, அவர்கள் கொண்டுவந்த பீரங்கி வகை ஒன்றையும் குறித்தது.

வரிசையாக வைத்துப் பார்த்தால் தாய்லாந்துச் சொல் தனியாகப் பிரான்ஸிலிருந்து வந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

கீழைக்கடல்

சொல்வேர் சொன்னதற்கு ஆண்டுக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். இந்த விவாதத்தில் காலவரிசைதான் அச்சாணி.

1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க், அதே ஆண்டு துவார்த்தே ஃபெர்னாந்தஸைத் தூதனாகச் சயாமின் (தாய்லாந்தின் பழைய பெயர்) அன்றைய தலைநகரான அயுத்தயாவுக்கு அனுப்புகிறார். 1516இல் போர்த்துகீசியருக்கும் சயாமுக்கும் உடன்பாடு ஏற்பட்டு, வணிகரும் துப்பாக்கி வீரரும் அங்கே தங்குகிறார்கள். டச்சுக்காரர் 1608இலும் ஆங்கிலேயர் 1612இலும் வருகிறார்கள். பிரெஞ்சுக்காரரில் முதலில் வந்தவர் ஆயர் லம்பேர், 1662இல். பதினான்காம் லூயியின் தூதுக்குழுக்கள் 1685இலும் 1687இலும் வந்தன. 1688இல் நாராய் மன்னரின் ஆட்சி கவிழ்ந்தபோது பிரெஞ்சுப் படை பாங்காக் கோட்டையில் முற்றுகையிடப்பட்டு வெளியேற நேர்ந்தது.

1511க்கும் 1662க்கும் நடுவே 151 ஆண்டு இடைவெளி. அவ்வளவு காலமும் கண்முன் நடமாடிய வெள்ளையருக்குப் பெயரில்லாமல், கடைசியாக வந்து குறுகிய காலத்திலேயே விரட்டப்பட்டவர்களின் நாட்டுப் பெயரை வெட்டி எல்லாருக்கும் சூட்டினார்கள் என்பது நம்பும்படியாக இல்லை.

இன்னொரு சான்று அரண்மனைத் துறைப் பெயர். போர்த்துகீசிய வழியினரான பீரங்கிக்காரர்களின் பிரிவுக்கு ‘க்ரோம் ஃபரங் மேன் புன்’ என்று பெயர். குறி தப்பாத ஃபரங்குகளின் துறை என்று பொருள். அதில் இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர்.

வழிப்போக்கன்77

எல்லாம் சரி. ஆனால் ஃபரங்செட் என்ற சொல்லுக்குள் ஃபரங் முழுசாக உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு என்ன விளக்கம்? அதோடு லாவோஸிலும் கம்போடியாவிலும் இந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சுக்காரர் என்றே பொருள். லாவோஸில் ஃபலங், கம்போடியாவில் பாராங். பக்கத்து வீடு இரண்டிலும் ஒரே பொருள் இருக்கும்போது தாய்லாந்து மட்டும் எப்படி விலகும்?

சொல்வேர்

நியாயமான கேள்விகள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கம்போடியா 1863 முதல், லாவோஸ் 1893 முதல், 1953 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. ஊரில் இருந்த வெள்ளையர் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் என்றால், ‘வெள்ளையர்’ என்ற பொதுச்சொல் பிரெஞ்சுக்காரருக்கே உரியதாகச் சுருங்குவது இயல்பு. சயாம் யாருக்கும் குடியேற்ற நாடாகவில்லை, அதனால் பொதுப்பொருள் அப்படியே நின்றது. நம் பக்கமும் இதே கதைதான். பறங்கி என்றால் தமிழ்நாட்டில் முதன்மையாகப் போர்த்துகீசியர், ஏனென்றால் கடலோரம் முதலில் வந்தவர்கள் அவர்கள். ஒரே சொல், யார் வந்து ஆண்டார்களோ அவர்கள்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது.

இனி ஃபரங்செட். போர்த்துகீசியத்தில் பிரெஞ்சுக்காரன் ‘ஃப்ரான்ஸேஸ்’. தாய்லாந்து மொழியில் சொல் இறுதி ஸகரம் தகரமாக ஒலிக்கும். எழுத்தில் ஸ இருக்கும், வாயில் ‘த்/ட்’ வரும். போர்த்துகலை ‘ப்ரோதுகேஸ்’ என்று எழுதி ‘ப்ரோதுகேட்’ என்பார்கள். ஆங்கிலேயர் ‘அங்க்ரித்’ என்பதிலும் கடைசி எழுத்து ஷகரமே. இதே வாய்பாட்டில் ‘ஸேஸ்’ என்பது ‘செட்’ ஆகிறது. முன்பாதியில் மூக்கொலியோடு வரும் ‘ஃப்ரான்’, ஏற்கெனவே வழக்கில் இருந்த ‘ஃபரங்’ பக்கம் இழுபட்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஆக, ஃபரங்செட்டிலிருந்து ஃபரங் உதிரவில்லை. ஃபரங் முன்பே இருந்ததால்தான் ஃபரங்செட் அந்த உருவம் பெற்றது.

பிரான்ஸ் என்ற பெயரும் அதே ஃபிராங்க் இனத்திலிருந்து வந்ததால் இரண்டும் ஒட்டுறவு கொண்டவை. சுருக்கம் என்ற தவறு எளிதில் பரவக் காரணம் இந்த ஒட்டுறவு.

யாழ்நிலவன்

வணக்கம். இலங்கையில நாங்கள் பறங்கியர் எண்டு இப்பவும் சொல்லுறனாங்கள், பேர்கர் சமூகத்தை. சிங்களத்திலயும் பறங்கி எண்டால் போர்த்துகீசர். எனக்கொரு சந்தேகம். தமிழ் வணிகர் சயாமோட பழைய காலந்தொட்டுத் தொடர்பு வைச்சிருந்தவை. தாய்லாந்தின்ர தகுவாபாவில கிடைச்ச தமிழ்க் கல்வெட்டில மணிக்கிராமத்தார் எண்ட வணிகக் குழுவின்ர பேர் இருக்கு. பதினேழாம் நூற்றாண்டில நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைக் கப்பல்கள் மெர்குயி, தெனாசரிம் துறைக்குப் போனவை, அந்தத் துறைகள் அப்ப அயுத்தயாவின்ர கையில. அப்பிடியெண்டால் தமிழ்ப் பறங்கிதானே அங்க ஃபரங் ஆகியிருக்க வேணும்?

சொல்வேர்

யாழ்நிலவன் அண்ணை, வரலாறு நீங்கள் சொல்வதுதான், ஆனால் ஒலி இடம் கொடுக்கவில்லை. தமிழில் ஃப ஒலி கிடையாது. ஃபகரத்தோடு வந்த சொல்லை நாம் பகரமாக்கினோம். தாய்லாந்து மொழியில் ப, ப்ஹ, ஃப மூன்றும் தனித்தனி எழுத்துகள், மாற்றினால் பொருள் மாறும். தமிழரிடம் ‘பறங்கி’ என்று கேட்டவர்கள் பகரத்தோடே எழுதியிருப்பார்கள். இல்லாத ஃபகரத்தைத் தேடிப் போட மாட்டார்கள். கெமெர் மொழியில் ‘பாராங்’ என்று இருப்பதும் அங்கே இயல்பான ஃபகரம் இல்லாததால்தான். ஆகவே மூலச்சொல் ஃபகரம் உள்ள மொழியிலிருந்து வந்தது. தமிழும் சயாமும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். ஒன்றுக்கொன்று தாய்பிள்ளை உறவில்லை.

எந்த மொழி என்பதற்கு இரண்டு தடயம். அரபிலிருந்து நேரே வந்திருந்தால் கடைசியில் ஜகர ஒலி இருந்திருக்கும். எத்தியோப்பியாவில் அப்படித்தான் ‘ஃபெரெஞ்ச்’ என்று ஆனது. சயாமியச் சொல்லில் ஜகரம் இல்லை. இந்தி, மலாய், தமிழ் வழி என்றால் கடைசியில் இகரம் ஒட்டியிருக்கும். அதுவும் இல்லை. ஜகரமும் இகரமும் இல்லாத வடிவம் பாரசீக ‘ஃபரங்’ ஒன்றுதான். முதல் அசையில் ‘ஃபி’ இல்லாமல் ‘ஃப’ இருப்பதும் பாரசீகத்தோடு பொருந்துகிறது.

மேனாங்கரை

சொல்வேர் சொன்ன முடிவு எனக்கும் உடன்பாடு, ஆனால் கடைசித் தடயத்தை எடுத்துவிடுங்கள். அது நிற்காது.

ஃபரங் என்று எழுதும்போது முதல் அசைக்கு உயிர்க்குறியே கிடையாது. ஃப எழுத்தும் ர எழுத்தும் அடுத்தடுத்து நிற்கும், நடுவில் ஒரு குறுகிய அகரம் தானாக ஒலிக்கும். வெளிமொழிக் கூட்டெழுத்து எதுவாக இருந்தாலும் சயாமிய வாயில் நடுவே அகரம் நுழைந்துவிடும். ஃபிரங் என்று கேட்டிருந்தாலும், ஃப்ரங் என்று கேட்டிருந்தாலும் விளைவு ஃபரங்தான். அந்த அகரம் எதையும் நிறுவாது. இரண்டாம் அசையின் அகரமும் இகரம் இல்லாத முடிவும்தான் சான்று.

பாரசீக வழிக்கு வேறு துணை உண்டு. ரோஜாவுக்கு ‘குலாப்’, திராட்சைக்கு ‘அங்குன்’. பாரசீகத்தில் முன்னது குலாப், பின்னது அங்கூர். அங்கூரின் ரகரம் னகரமானதற்குக் காரணம், சொல் இறுதியில் ர, ல எதுவும் ‘ன்’ என்றே ஒலிக்கும் என்ற விதி. இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேறொரு சொல்லுக்குத் தேவைப்படும்.

கீழைக்கடல்

பாரசீகர் அயுத்தயாவில் சும்மா வந்து போனவர்கள் அல்லர். ஈரானின் கோம் நகரத்து ஷேக் அகமது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து வணிகத்தில் உயர்ந்து, இசுலாமியர் தலைவருக்குரிய ‘சுலராஜமொந்திரி’ பதவியை முதலில் பெற்றார். பிற்காலத்தில் அமைச்சர்கள் பலரைத் தந்த புன்னாக் குடும்பம் அவர் வழி. நாராய் அரசவையில் பாரசீகரின் செல்வாக்கு பெரிது. ஈரானிலிருந்து தூதுக்குழுவே வந்தது. வெள்ளையரைக் குறிக்கும் சொல்லை அரசவை யாரிடம் கற்றிருக்கும் என்று கேட்டால், துறைமுகக் கணக்கு எழுதிய இவர்களைத்தான் நான் முதலில் நினைப்பேன்.

பெயர்ப்பாளி

நன்றி. உச்சரிப்பையும் கேட்டுவிடுகிறேன். சிலர் ‘ஃபராங்’ என்று நீட்டுகிறார்கள், தொடரில் ‘ஃபலங்’ என்று காதில் விழுகிறது. எது சரி?

மேனாங்கரை

இரண்டு அசையும் குறில், இரண்டும் தாழ்ந்த தொனி. ‘ஃப–ரங்’, இரண்டையும் அடிக்குரலில் சமமாகச் சொல்ல வேண்டும். ‘ஃபலங்’ பேச்சு வழக்கு. ரகரத்தை லகரமாக்குவது அன்றாடப் பேச்சில் சர்வ சாதாரணம், செய்தி வாசிப்பில் செய்ய மாட்டார்கள். ‘ஃபராங்’ எந்த வழக்கிலும் இல்லை.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் தொனி. தாய்லாந்து மொழியின் 44 மெய்யெழுத்துகள் மூன்று வகுப்பு: உயர் 11, இடை 9, தாழ் 24. ‘மை ஏக்’ என்ற தொனிக்குறி உயர் வகுப்பு எழுத்தோடு வந்தால் தாழ்ந்த தொனி, தாழ் வகுப்போடு வந்தால் இறங்கு தொனி. ஃபரங்கில் அந்தக் குறி ரகரத்தின் தலைமேல் இருக்கிறது. ரகரம் தாழ் வகுப்பு. விதியை மட்டும் பார்த்துப் படித்தால் இரண்டாம் அசையை மேலிருந்து கீழே இறக்கிச் சொல்லத் தோன்றும். தவறு.

காரணம் ‘அக்சோன் நம்’, அதாவது முன்னோடி எழுத்து. முன்னால் நிற்கும் ஃபகரம் (ஃபோ ஃபா, மூடி என்று பெயர் கொண்ட எழுத்து) உயர் வகுப்பு. அது தன் வகுப்பை அடுத்த ரகரத்துக்கும் கொடுத்துவிடும். ஆகவே ரகரம் உயர் வகுப்பு போல நடந்து தாழ்ந்த தொனி பெறுகிறது. இதே இயக்கத்தைப் பலகாரம் என்ற சொல்லில் பார்க்கலாம். ‘நோம்’ தனியே வந்தால் பால், நடுத்தொனி. ‘கனோம்’ பலகாரம், முன்னால் உயர் வகுப்பு எழுத்து வந்ததும் அந்த ‘நோம்’ ஏறு தொனியாகிவிடும்.

கடைசி எழுத்து ஙகரம், ‘ஙோ ஙூ’, பாம்பு என்று பெயர். நமக்கு ங் வரும், ஆனால் பின்னால் ககரம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. ‘ரங்க்’ என்று முடிக்காமல் மூக்கொலியிலேயே நிறுத்துங்கள்.

வழிப்போக்கன்77

கொய்யா விஷயத்தை யாரும் தொடவில்லை. பழத்தின் பெயரை ஆட்களுக்கு வைத்தார்களா, ஆட்களின் பெயரைப் பழத்துக்கா? கொய்யாவின் உள்சதை வெள்ளை, அதனால் வெள்ளையருக்கு அந்தப் பெயர் என்று படித்தேன்.

மேனாங்கரை

ஆட்களின் பெயர்தான் பழத்துக்கு. வெள்ளைச் சதைக் கதையைத் தூக்கிப் போடுங்கள். பழைய நாட்டுக் கொய்யா பல இடங்களில் உள்ளே இளஞ்சிவப்பு. கொய்யா அமெரிக்கக் கண்டத்து மரம். ஐரோப்பியர் கப்பல் இல்லாமல் ஆசியாவுக்கு வந்திருக்காது.

தாய்லாந்தின் அரசவைக் கழக அகராதி ‘ஃபரங்’ என்பதற்கு வெள்ளைத்தோல் இனத்தார் என்ற பொருளோடு இன்னொன்றும் தருகிறது: உள்ளூர்ப் பொருளை ஒத்த வெளிநாட்டுப் பொருளின் பெயரோடு சேர்க்கும் சொல். இந்த இரண்டாம் பொருளைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சந்தை விளங்கிவிடும். ‘மன்’ கிழங்கு, ‘மன் ஃபரங்’ உருளைக்கிழங்கு. ‘நோ மை’ மூங்கில் குருத்து, ‘நோ மை ஃபரங்’ அஸ்பாரகஸ். ‘த்ரே’ ஊதுகொம்பு, ‘த்ரே ஃபரங்’ டிரம்பெட். எனக்கு மிகவும் பிடித்தது ‘மாக் ஃபரங்’. மாக் என்றால் பாக்கு. வாயில் அதக்கி மெல்லுவதற்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த பாக்கு, அதாவது சூயிங்கம். சப்போட்டாவும் ‘லமுட் ஃபரங்’ தான்.

பெயரின் ஒழுங்கைக் கவனியுங்கள். தலைச்சொல் முன்னால், ஃபரங் பின்னால். கொய்யாவுக்கு மட்டும் தலைச்சொல் இல்லாமல் ஃபரங் தனியே நிற்கிறது. முன்னால் இருந்த ஏதோ ஒரு பழப்பெயர் உதிர்ந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘கனோம் ஃபரங்’ வேறு வகை. பாங்காக்கில் ஆற்றின் தோன்புரிக் கரையில் குடீ சீன் என்ற பகுதி. தக்சின் மன்னர் 1769இல் போர்த்துகீசிய வழியினருக்கு நிலம் கொடுத்த இடம், சாந்தா குரூஸ் தேவாலயம் அங்கேதான். அங்கு இன்றும் செய்யும் கேக்குக்கு வாத்து முட்டை, சர்க்கரை, கோதுமை மாவு மூன்றே பொருள். சோடா மாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை. முட்டையும் சர்க்கரையும் நுரைத்து எழும்பும்வரை அடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடித்தது போதாவிட்டால் கேக் எழும்பாமல் அடை போல அமுங்கிவிடும். மேலே சீனர் வழக்கப்படி திராட்சை வற்றல், சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணித் துண்டு. சூடு மேலும் கீழும் ஒருசேர வேண்டும், அதனால் அடுப்பின் மூடிமேலும் கரி போடுவார்கள்.

யாழ்நிலவன்

மேனாங்கரை அக்கா, நல்ல விளக்கம். அப்ப எங்கட பறங்கிக்காயும் இதே கதைதான். பூசணிக் குடும்பம் எங்களுக்குப் பழகினது, அமெரிக்காவில இருந்து வந்த வகைக்குப் பறங்கி ஒட்டினது. மலையாளத்தில முந்திரி மரம் பறங்கிமாவு. பறங்கிப்புண் எண்ட நோய்ப்பெயரும் உண்டு.

சொல்வேர்

அதில் அழகான குறுக்குமாற்றம் ஒன்று இருக்கிறது. கொய்யாவுக்கு நாம் போர்த்துகீசியரின் ‘கோயாபா’வை எடுத்துக்கொண்டோம், அவர்களுடைய இனப்பெயரைப் பூசணிக்குக் கொடுத்தோம். சயாமில் இனப்பெயர் கொய்யாவுக்குப் போயிற்று, பூசணிக்கு ‘ஃபக் தோங்’, பொன்காய் என்று சொந்தப் பெயர்.

பறங்கிப்புண்ணுக்குச் சமற்கிருதத்திலும் ‘ஃபிரங்க ரோகம்’ என்ற பெயர் உண்டு. 16ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலான பாவப்பிரகாசத்தில் வருகிறது. எழுதும்போது பறங்கி, பரங்கி இரண்டும் தமிழில் வழங்குகின்றன. ஆனால் திருப்பரங்குன்றத்தை இதில் இழுக்காதீர்கள். அது சங்க இலக்கியத்திலேயே உள்ள பெயர், போர்த்துகீசியருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. சென்னையின் பறங்கிமலையையும் அதையும் சேர்த்துக் குழப்பும் பதிவுகள் நிறைய.

மேனாங்கரை

கொய்யாவுக்கு நாடு முழுக்க ஒரே பெயர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், தொடரில் கிராமத்துப் பாத்திரம் வந்தால் உதவும். தெற்கே மலாய் ‘ஜம்பு’ வழிவந்த ‘யாமு’. வடகிழக்கே ஈசான் பகுதியில் ‘பக் சீடா’. அங்கே ‘பக்’ என்பது பழப்பெயருக்கு முன்னொட்டு. ஆண்களை உரிமையோடோ மட்டமாகவோ அழைக்கும் முன்னொட்டும் அதே ‘பக்’. பாங்காக்கில் ஃபரங் என்றால் கொய்யாவும் வெள்ளையரும். கொய்யா எங்கள் ஊரில் பக் சீடா, ஆகவே வெள்ளையனும் பக் சீடா என்று ஈசானில் திருப்பிவிட்டார்கள். ஆளிலிருந்து பழம், பழத்திலிருந்து மறுபடி ஆள். உங்கள் தொடரில் ஈசான் கிழவி ஒருத்தி வெள்ளைக்கார மருமகனை அப்படி அழைத்தால் ‘கொய்யாப்பழம்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘நம்ம வெள்ளைக்காரன்’ போதும்.

பெயர்ப்பாளி

அப்படியானால் வசைச்சொல்லா இல்லையா? ‘ஃபரங் கீ நோக்’ என்று ஓரிடத்தில் வருகிறது, கேட்டவன் முகம் சிவக்கிறது.

மேனாங்கரை

ஃபரங் தன்னளவில் வசை அல்ல. ஆசிரியர், வணிகர், தொலைக்காட்சி எல்லாரும் புழங்கும் பொதுச்சொல். முறையான எழுத்தில் ‘சாவ் தவன் தோக்’ (மேலைநாட்டவர்) என்பார்கள், அரசுப் படிவத்தில் ‘கோன் தாங் தாவ்’ (அயல்நாட்டார்). எல்லா வெளிநாட்டவரும் ஃபரங் அல்லர். ஜப்பானியர், சீனர், இந்தியர் யாரையும் இந்தச் சொல் குறிக்காது. எனவே ‘வெளிநாட்டவர்’ என்பது பல இடங்களில் பிழையான பெயர்ப்பு.

மரியாதை குறைவது ஒட்டுகளால். முன்னால் ‘ஐ’ சேர்த்தால் ‘அந்த வெள்ளைக்காரப் பய’. ஆளைச் சுட்ட ‘காவ்’ (அவர்) என்பதற்குப் பதில் ‘மன்’ (அது) வந்தால் ஏளனம். வசனவரியில் நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான், ஃபரங்கை அல்ல. பெயர் தெரிந்த ஒருவரை அவர் முன்னாலேயே ‘ஃபரங்’ என்று கூப்பிட்டால் அவருக்குக் குத்தலாம். அது சொல்லின் குறை அல்ல. பெயர் இருக்க இனப்பெயரால் அழைப்பதன் குறை.

‘ஃபரங் கீ நோக்’ வசை. சொல்லுக்குச் சொல் ‘பறவை எச்சக் கொய்யா’. பறவை தின்று விதை போட்டுத் தானாக முளைத்த, காய் சிறுத்த நாட்டுக் கொய்யாவின் பெயர் அது. அழுக்கு உடையும் கஞ்சத்தனமுமாகத் திரியும் வெள்ளையரையும், மேனாட்டுக்காரன் மாதிரி பாவனை காட்டும் உள்ளூர்க்காரரையும் குத்த இதைச் சொல்வார்கள். தமிழில் ‘பஞ்சப்பரதேசி வெள்ளைக்காரன்’ நெருங்கி வரும். கொய்யாச் சிலேடை போய்விடும், வேறு வழியில்லை.

கீழைக்கடல்

தமிழில் ‘பறங்கி’ என்றே போடலாமா என்ற முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். வேர் ஒன்று, வாழ்க்கை வேறு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி தாம் பறங்கி அல்லர் என்று நிறுவ எவ்வளவு பாடுபட்டார் என்பது தெரிந்ததே. அப்போது மதம் மாறுவது பறங்கிக் குலத்தில் சேர்வதாகவே பார்க்கப்பட்டது. மாட்டிறைச்சி, மது, தீட்டு எல்லாம் அந்தச் சொல்லில் ஏறியிருந்தன. பிறகு விடுதலைப் போராட்டக் காலத்தில் பகைவனுக்குரிய சொல்லாகவும் ஆனது. சயாமிய ஃபரங்குக்கு இந்தச் சாதிச்சுமையும் இல்லை, அடிமைப்பட்ட கசப்பும் இல்லை. 2020களின் பாங்காக் காபிக்கடையில் ஒரு பெண் ‘ஃபரங்’ என்று சொல்ல, கீழே ‘பறங்கி’ என்று வந்தால் அவள் வாயில் இல்லாத வெறுப்பை நாம் திணித்ததாகிவிடும். ‘வெள்ளைக்காரர்’ போதும்.

வழிப்போக்கன்77

நம்மை என்ன சொல்வார்கள்? ஃபரங் இல்லை என்றால்?

மேனாங்கரை

‘க்ஹேக்’. விருந்தாளி என்ற பொருளுள்ள பழைய சீனக் கடன்சொல். வரவேற்பறை ‘ஹோங் ரப் க்ஹேக்’, விருந்தினரை ஏற்கும் அறை. இந்தியர், மலாயர், அரபியர், பாரசீகர் என்று மேற்குக் கடல்வழி வந்த, ஐரோப்பியர் அல்லாத எல்லாரும் க்ஹேக். சீலோம் சாலையும் பன் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோவிலை ஊரே ‘வட் க்ஹேக்’ என்கிறது. ஆனால் இன்று பலருக்கு இந்தச் சொல் பிடிக்காது. குறிப்பாகத் தெற்கே பட்டானிப் பக்கத்து மலாயர், தலைமுறை தலைமுறையாகச் சொந்த மண்ணில் இருப்பவர்களை விருந்தாளி என்பதா என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வசனவரியில் ஆளைப் பார்த்து ‘இந்தியர்’, ‘மலாயர்’ என்று பிரித்து எழுதுங்கள்.

முன்னே ஒரு விதியை நினைவில் வைக்கச் சொன்னேன், சொல் இறுதி ர, ல எல்லாம் ‘ன்’ ஆகும் என்று. ‘தமிழ்’ என்ற இனப்பெயர் பாலி மொழியின் ‘தமிள’ வழியாக அங்கே போனது. எழுத்தில் கடைசியில் ளகரம் இருக்கிறது, வாயில் ‘தமின்’. அகராதியில் இனத்தின் பெயர் ஒரு பொருள், ‘கொடிய, மூர்க்கமான’ என்பது இன்னொரு பொருள். ‘சை தமின்’ என்றால் கல்நெஞ்சு. 1992 மே மாதம் பாங்காக்கில் ராணுவம் மக்கள்மேல் சுட்ட நிகழ்வை ‘ப்ருத்சபா தமின்’ என்பார்கள்; ‘கொடூர மே’ என்று பெயர்க்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தமிழ் மே’ என்று வந்து நிற்கும்.

யாழ்நிலவன்

இது நெஞ்சைத் தைக்குது. எப்பிடி வந்தது?

கீழைக்கடல்

ஈழத்துப் பாலி வரலாற்று நூல்கள் வழி என்பதே பொருத்தமான விளக்கம். அவற்றில் தமிளர் என்றால் கடல்கடந்து வந்து விகாரைகளை அழிக்கும் பகைவர். இலங்கைத் தேரவாத பௌத்தம் 13ஆம் நூற்றாண்டில் நக்கோன் சி தம்மராத், சுகோதை வழியாகச் சயாமில் வேரூன்றியபோது நூலோடு அந்தச் சாயலும் போயிருக்கும். நேரில் பார்த்துப் பழகிய தமிழனுக்கு ‘க்ஹேக்’, விருந்தாளி. ஏட்டில் படித்த தமிழனுக்கு ‘தமின்’, கொடியவன். இன்று ‘சை தமின்’ என்று பேசுகிற பெரும்பாலோர் மனத்தில் எந்த இனமும் இருக்காது, அண்ணை. அதே சயாமின் அரண்மனையில்தான் பிராமணர்கள் திருவெம்பாவையை ஓதி, விழாவுக்கே ‘திரியம்பவாய்’ என்று பெயர் வந்தது.

பெயர்ப்பாளி

அனைவருக்கும் நன்றி. குழுவுக்கு இப்படி எழுதி அனுப்பப் போகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஃபரங் (ஆள்): வெள்ளைக்காரர். ஐ ஃபரங்: வெள்ளைக்காரப் பய. ஃபரங் (சந்தை, உணவு): கொய்யா. ஃபரங் கீ நோக்: ஆளுக்கு என்றால் பஞ்சப்பரதேசி வெள்ளைக்காரன், மரத்துக்கு என்றால் நாட்டுக் கொய்யா. ஃபரங்செட்: பிரான்ஸ், பிரெஞ்சு. மன் ஃபரங்: உருளைக்கிழங்கு. மாக் ஃபரங்: சூயிங்கம். பக் சீ ஃபரங்: பார்ஸ்லி.

மேனாங்கரை

கடைசி ஒன்றை மாற்றுங்கள். ‘பக் சீ’ கொத்தமல்லி. ‘பக் சீ ஃபரங்’ என்பது ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும் நீண்ட இலை, கொத்தமல்லி வாசம் பல மடங்கு தூக்கலாக வரும் அமெரிக்கச் செடி. லாப் (கொத்திறைச்சிக் கலவை), தோம் யம் (புளிப்புச் சாறு) எல்லாவற்றிலும் நறுக்கிப் போடுவார்கள். பார்ஸ்லி வாசம் வேறு. தமிழில் ‘ரம்ப இலைக் கொத்தமல்லி’ என்று எழுதினால் காட்சியோடு பொருந்தும். ‘பக் சீ லாவ்’ வந்தால் அது சதகுப்பை இலை. இந்த இரண்டு ‘பக்’கும் கீரை என்ற பொருளுடையவை, முதலெழுத்தில் மூச்சொலி சேரும், பக் சீடாவின் ‘பக்’ அல்ல. பட்டியலில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.